வலிக்கென்று பிடிப்பதும் குடிப்பதும்: சுமைதூக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல் கொள்முதல் நிலையத்திலும், அரிசிக் குடோனிலும், கூட்ஸ் ஷெட்டிலும், காய்கறி மண்டியிலும் மூட்டை சுமக்கும் அண்ணன் தம்பிகளுக்கு,



காவிரிப் படுகையில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன் நான். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கொள்முதல் நிலையங்கள் மும்முரமாகிவிட்டால், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பகுதி நீங்கள்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஜவ்வு விலகிவிட்டது, குனிந்தால் நிமிர முடியவில்லை, வலது கால் முழுக்கச் சுரீரென்று இழுக்கிறது என்று வருவீர்கள். எத்தனை கிலோ சுமக்கிறீர்கள், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்கும்வரை பொறுமையாகப் பதில் சொல்வீர்கள். அடுத்து “பீடி உண்டா, குடி உண்டா?” என்று கேட்டதும் முகம் மாறிவிடும். “இடுப்புக்கும் பீடிக்கும் என்ன டாக்டரே சம்பந்தம்?” என்பீர்கள்.

அது நியாயமான கேள்வி. புகையிலை பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் வாய்ப் புற்றுநோய், நுரையீரல், மாரடைப்பு. மதுவைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் கல்லீரல், குடும்பம். முதுகெலும்பை யாரும் சொன்னதில்லை. பாக்கெட்டின் மேல் போடும் படத்திலும் இடுப்பு இல்லை. ஆனால் உங்கள் சோறு உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்விக்கு அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பீடி இழுத்தால் வலி சற்று மட்டுப்படுகிறது, கட்டிங் போட்டால் இடுப்பு கேட்கிறது என்று நீங்கள் சொல்வது பிரமை அல்ல. நிகோட்டினுக்குச் சிறிது நேரம் வலியை மழுங்கடிக்கும் குணம் உண்டு. மதுவுக்கும் உண்டு. மதுவின் வலி குறைக்கும் தன்மை பற்றி நடந்த 18 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, நாலைந்து பெக் அளவுக்கு மது ரத்தத்தில் ஏறும்போது வலி உணர்வு நன்றாகவே குறைகிறது என்று காட்டியது. எனவே உங்கள் அனுபவம் பொய் என்று நான் வாதாடப்போவதில்லை. அந்த ஒரு மணி நேர சுகத்துக்குப் பிறகு முதுகுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நீங்கள் ஜவ்வு என்று சொல்வது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கொழகொழப்பான பகுதி. பகல் முழுக்கச் சுமை ஏறும்போது அதிலிருந்து நீர் பிதுங்கி வெளியேறுகிறது. இரவு படுத்தபின் திரும்ப ஊறுகிறது. காலையில் அளந்த உயரத்தைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நாம் குட்டையாக இருப்பது இதனால்தான். வளர்ந்த மனிதனின் உடம்பில் நேரடி ரத்த ஓட்டமே இல்லாத மிகப் பெரிய உறுப்பு இந்த வட்டுதான். மேலும் கீழும் உள்ள எலும்பின் விளிம்புவரை நுண்ணிய ரத்தக்குழாய்கள் வந்து நின்றுவிடும். அங்கிருந்து ஆக்சிஜனும் சத்தும் மெல்லக் கசிந்துதான் வட்டின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும்.

உங்களுக்குக் கடைமடை தெரியும். கல்லணையில் தண்ணீரைக் குறைத்தால் கல்லணைக்குப் பக்கத்து வயல் காய்வதில்லை, தலைஞாயிறும் வேதாரண்யமும்தான் காய்கின்றன. உடம்பின் ரத்த ஓட்டத்தில் வட்டு அப்படி ஒரு கடைமடை.

பீடிப் புகை அந்தத் தண்ணீரை இரண்டு வகையில் குறைக்கிறது. நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தச் சிவப்பணுவைப் பற்றிக்கொள்கிறது. ஆக, வருகிற ரத்தமும் குறைவு, அந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. இருதயமோ மூளையோ இதைக் கொஞ்ச காலம் சமாளிக்கும். வட்டுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே உள்ள செல்கள் பட்டினி கிடக்கின்றன. கிழிந்ததை ஒட்டவைக்கும் வேலையும், தேய்ந்ததைப் புதுப்பிக்கும் வேலையும் நின்றுபோகின்றன. 40 கிலோ சிப்பத்தைத் தூக்கும்போது நார் வளையத்தில் சின்னக் கீறல் விழுவது உங்கள் தொழிலில் இயல்பு. அது ஆறிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆறுவதற்குள் அடுத்த நடை, அடுத்த பீடி என்று போனால் அதே இடத்தில் கீறல் ஆழமாகிறது.

சிலர் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரன் வாழ்நாள் முழுக்கப் பீடி குடித்தான், அவனுக்கு இடுப்பு வலியே இல்லையே என்று. ஒருவரை வைத்து இதைச் சொல்ல முடியாது. பரம்பரை, சுமை, வயது எல்லாம் கலந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் பின்லாந்தில் ஒரு வேலை செய்தார்கள். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரட்டையர்களில், ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும் உள்ள 20 ஜோடிகளைத் தேடிப் பிடித்து, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பரம்பரை இருவருக்கும் ஒன்றுதான். புகைத்தவர்களின் கீழ் முதுகு வட்டுகளில் தேய்மானம் சராசரியாக 18 சதவீதம் அதிகம். 1991இல் வெளியான ஆய்வு இது. சிறிய எண்ணிக்கைதான், ஆனால் இதுபோல் தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் அரிது. பிறகு 2010இல், 40 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இடுப்பு வலி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகவும், வேலையை முடக்கும் அளவுக்கு வலி இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேலாகவும் தெரிந்தது. அதே தொகுப்பில் இந்தத் தொடர்பு பெரியவர்களைவிட இளவயதினரிடம் பலமாக இருந்தது. பதினேழு வயதில் சும்மாடு கட்டி, அதே வாரத்தில் முதல் பீடியும் பிடிக்கும் தம்பிகளை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

“நான் சிகரெட் இல்லை, பீடிதான்” என்று சமாதானம் சொல்பவர்கள் நிறைய. பீடியில் புகையிலை குறைவு என்பது சரி. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் இலைக்குள் காற்று எளிதில் நுழையாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். பில்டரும் கிடையாது. கடைசியில் உள்ளே போகும் நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. வாயில் அதக்கும் புகையிலையில் புகை இல்லை, நிகோட்டின் இருக்கிறது.

இன்னொரு சங்கதி இருமல். காலையில் எழுந்ததும் குனிந்து நின்று இருமும் பழக்கம் பீடிக்காரர்களுக்கு உண்டு. ஜவ்வு பிதுங்கியவர்களைக் கேளுங்கள், இருமும்போதும் தும்மும்போதும்தான் காலுக்கு மின்னல் வெட்டுகிறது என்பார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி வட்டின்மேல் விழுகிறது. மூட்டை தூக்காத நேரத்திலும் முதுகு சுமந்துகொண்டே இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது வேறொன்று. இடுப்பு வலி வந்த பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கி, வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். யாருக்குத் தங்குகிறது? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், புதிதாக முதுகு வலி வந்தவர்களின் மூளையை ஓராண்டு தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள். புகைப்பவர்களுக்கு வலி நாள்பட்டதாக மாறும் வாய்ப்பு மூன்று மடங்கு. மூளையில் பழக்கத்துக்கும் ஆசைக்கும் உரிய இரண்டு பகுதிகளுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தை அவர்களிடம் கூடுதலாக இருந்தது. வலியை விடாமல் பிடித்துவைப்பதும் அதே பாதைதான். புகைப்பதை நிறுத்தியவர்களிடம் அந்தத் தொடர்பு தளர்ந்தது. 2015இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபிறகு, வலி ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பீடியைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

இனி குடிக்கு வருகிறேன். இங்கே உண்மையைக் கூட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. குடி நேரடியாக இடுப்பு வலியை உண்டாக்குகிறது என்பதற்குப் புகைக்கு இருப்பதுபோல் பலமான சான்று கிடையாது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பு, தொடர்பே தெரியவில்லை என்றது. 2013இல் வந்த மற்றொன்று, மதுவுக்கு அடிமையானவர்களிடம் மட்டும் நாள்பட்ட இடுப்பு வலியோடு ஒரு சிறு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. இடுப்பு வலியைக் காட்டி உங்களைக் குடியிலிருந்து பயமுறுத்த நினைத்தால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் கோட்டர் சும்மா இருப்பதில்லை. கடையில் வாங்கும் பிராந்தியில் மது 42.8 சதவீதம். ஒரு கோட்டர் 180 மில்லி. கணக்குப் போட்டால் சுத்த மது 60 கிராம். பத்து கிராமை ஒரு அளவாக வைத்துப் பேசும் மருத்துவக் கணக்கில் இது ஆறு அளவு, அதுவும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில், வெறும் வயிற்றில். இதைப் போட்டால் படுத்ததும் தூக்கம் வரும், நடுராத்திரியில் கலையும். ஆழ்ந்த தூக்கம் குறைந்தால் மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும், இதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தினமும் குடித்தவருக்குக் குடிக்காத வேளையில் வலி உணர்வு முன்பைவிடக் கூர்மையாகிறது. அப்போது மறுபடியும் குடித்தால் அடங்குகிறது. “குடிச்சாத்தான் இடுப்பு கேக்குது” என்று நீங்கள் சொல்வதில் பாதி, நேற்றைய குடி விட்டுப்போன வலி.

அடுத்தது மாத்திரை. உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட்டாகக் கொடுக்கும் மாத்திரைகள் உங்கள் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கின்றன. அதில் டைக்ளோஃபெனாக் இருந்தால் மதுவோடு சேர்ந்து இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். பாரசிட்டமால் இருந்தால் தினமும் குடிப்பவரின் கல்லீரலைக் கெடுக்கலாம். சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும், அதனால்தான் ஒரே வேளையில் பறந்துபோகிறது வலி. கறுப்பாக மலம் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஸ்டீராய்டையும் குடியையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடை எலும்பின் மேல் நுனியில் பந்துபோல் ஒரு பகுதி இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ரத்தம் போவது நின்றால் அந்தப் பகுதி உயிரிழந்து நொறுங்கத் தொடங்கும். அடிபடாமலே இது வருவதற்கு முதன்மையான இரண்டு காரணங்கள் நீண்டநாள் ஸ்டீராய்டும் மிதமிஞ்சிய குடியும்தான். முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கு வருகிறது. வலி தொடை இடுக்கில், புட்டத்தில், சில சமயம் முழங்காலில் தெரியும். “இடுப்பு வலி” என்று சொல்லித்தான் என்னிடம் வருவார்கள். வெறும் முதுகு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. சம்மணம் போட முடியவில்லை, காலை உள்பக்கம் திருப்பினால் உயிர் போகிறது என்றால் அது ஜவ்வு அல்ல என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்ற வழி உண்டு. முற்றிவிட்டால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை வரை போகும். அதன்பின் மூட்டை சுமக்க முடியாது. குடிப்பவர்களில் இன்னும் சிலருக்கு, வலி மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். அது கணைய அழற்சி. அதற்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது ஆபத்து.

சரி, வலிக்குப் பீடியும் குடியும் மட்டுமா காரணம்? இல்லவே இல்லை. உலகில் இடுப்பு வலியோடு வாழ்பவர்கள் 2020இல் 61.9 கோடிப் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வலியால் வரும் முடக்கத்தில் ஏறக்குறைய 39 சதவீதத்தை மூன்று காரணங்கள்மேல் வைத்திருக்கிறார்கள்: வேலை, புகை, உடல் பருமன். வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க விரைவாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. 75 கிலோ மூட்டையை இன்னும் முதுகில் ஏற்றுகிறவர்கள் உங்களில் உண்டு. ஈரப் பலகைமேல் லாரிக்கு ஏறுவதும், தலைக்கு மேல் அட்டி போடுவதும், கொக்கியைக் குத்தி ஒருபக்கமாகத் திரும்பி இழுப்பதும் எந்தப் பீடியும் செய்யாத சேதத்தை ஒரே நொடியில் செய்யும். சுமைப்பணியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் தமிழ்நாட்டில் 1982இல் வந்தது. எடையைக் குறைக்கக் கேட்பது சலுகை கேட்பதல்ல. பீடியை விடுங்கள் என்று நான் எழுதுவதைப் பிடித்துக்கொண்டு, வலிக்கு நீங்களே பொறுப்பு என்று எந்த முதலாளியாவது சொன்னால், அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

உங்கள் களத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. மூட்டை நடுவே சும்மா உட்கார்ந்தால் மேஸ்திரி கேட்பார். பீடி பற்றவைத்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு அந்தப் பீடி எரியும் நேரம்தான். அதை விடச் சொன்னால் ஓய்வையே விடச் சொல்வதாக உங்களுக்குப் படுகிறது, அதில் தப்பில்லை. முதுகுக்கு நன்மை செய்தது அந்த ஐந்து நிமிட உட்காரல்தான், புகை அல்ல. குடியும் அப்படித்தான் தொடங்குகிறது. சாயங்காலம் கூலியைப் பங்கு பிரிக்கும் இடமே பல ஊர்களில் கடை வாசலாக இருக்கிறது. சில்லறை மாற்ற ஒரு பாட்டில், பாட்டிலைப் பகிர ஒரு கூட்டாளி. இடுப்பு வலி அதற்குக் காரணமாக வந்து சேர்ந்துகொள்கிறது.

விட்டால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. முதுகெலும்புக் கோளாறுக்குச் சிகிச்சை எடுத்த 5,300க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவில் கவனித்து 2012இல் எழுதினார்கள். சிகிச்சைக் காலத்தில் புகையை நிறுத்தியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. தொடர்ந்து புகைத்தவர்களுக்குச் சொல்லும்படி குறையவில்லை. அறுவைச் சிகிச்சைவரை போனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதுகெலும்புகளை இணைக்கும் அறுவைச் சிகிச்சையில் எலும்பு ஒட்டாமல் போனது புகைக்காதவர்களில் 8 சதவீதம், புகைத்தவர்களில் 40 சதவீதம் என்று 1986இலேயே ஓர் ஆய்வு சொன்னது. கடன் வாங்கி ஆபரேஷன் செய்துவிட்டு வார்டுக்கு வெளியே பீடி பற்றவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எப்படி விடுவது? புகையிலைக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது, பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கேட்டால் நிகோட்டின் சூயிங்கம் பற்றியும் வழிகாட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் உடம்பு எரிச்சலாக இருக்கும், இடுப்பு வலிகூடச் சற்று அதிகமாகத் தோன்றலாம். அதைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போய்விடாதீர்கள். அந்த நாட்களில் பகலில் கொஞ்சம் நடங்கள், படுக்கையிலேயே கிடக்க வேண்டாம். இடுப்பு வலிக்கு முழு ஓய்வு நல்லதல்ல.

குடியில் எச்சரிக்கை வேண்டும். தினமும் கோட்டருக்கு மேல் பல வருடமாகக் குடிப்பவர்கள், காலையில் கை நடுங்குபவர்கள், இந்த மடலைப் படித்துவிட்டு நாளைக்கே தனியாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்த உதவுவார்கள். 14446 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வலி மாத்திரையும் குடியும் ஒரே நாளில் வேண்டாம் என்பதையாவது இன்றைக்கே தொடங்கலாம்.

இன்னொன்றும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவையுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுபட்டாலோ, அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது என்னைப் போன்றவர்களிடம் வந்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசும்போது இந்த நான்கையும் சேர்த்துப் பேசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பத்து நிமிட ஓய்வு வேண்டும், பீடி பற்றவைத்தாலும் வைக்காவிட்டாலும். நிழலில் உட்காரப் பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். 50 கிலோவுக்கு மேல் மூட்டை கட்டுவதை நிறுத்த வேண்டும். கூலியைக் களத்திலேயே அவரவர் கையில் தர வேண்டும், அல்லது வங்கிக் கணக்கில் போட வேண்டும். தேதி சொன்னால் நானும் வருகிறேன். மூட்டையை எப்படித் தூக்கி எப்படி இறக்குவது என்று களத்திலேயே காட்டித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் இயன்முறை மருத்துவர்